இழுப்பக்கா பாஸ் போட்ட வீடு

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கனெக்டரைப் பிடித்துக்கொள்கின்றன. மற்ற மூன்று விரல்களும் கேபிளைச் சுற்றி மடங்குகின்றன. ஒரே இழுப்பு. கேபிள் அசையவில்லை. முழங்காலைத் தரையில் ஊன்றி அடுத்த இணைப்புக்கு நகர்கிறார். அதற்கும் ஒரு இழுப்பு. அது கழன்று கையோடு வந்துவிடுகிறது. அப்போதுதான் அந்த முகத்தில் கொஞ்சம் வெளிச்சம்.

"பாத்தீங்களா? பொட்டு வெச்ச மாதிரி ஒட்டிட்டுப் போயிருக்கான்."

வீடுகளுக்குக் கேபிள் வழியாக இணையம் கொடுக்கும் நிறுவனத்தில் அவர் தர ஆய்வாளர். இணைப்புப் போட்ட ஆள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போன ஓரிரு நாளில் இவர் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார். வெளிச்சுவரில் இருக்கும் பெட்டியிலிருந்து அறைக்குள் இருக்கும் மோடம் வரை ஒவ்வொன்றையும் பார்த்து, கடைசியில் தாளில் பாஸ் அல்லது ஃபெயில் என்று போடுவார். நடுவில் எதுவும் கிடையாது. எதையும் இழுத்துப் பார்ப்பதால், இணைப்புப் போடும் ஆட்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் இழுப்பக்கா. மற்றபடி மூச்சு இழுப்பு எதுவும் அவருக்கு இல்லை. மூன்று மாடி ஏறிவிட்டும் நிறுத்தாமல் பேசுவார்.

தோள்பையில் மீட்டர், டார்ச், சில புதுக் கனெக்டர்கள், அவற்றைப் போடும் கருவிகள், பழைய பல் துலக்கி, கூடவே ஒரு சாண் அகலத்தில் ஒரு எவர்சில்வர் பாத்திர மூடி. மூடி சமையலுக்கு இல்லை. கேபிள் எந்த மூலையில் திரும்பினாலும் அந்த மூடியின் விளிம்பை அங்கே வைத்துப் பார்ப்பார். மூடியின் வளைவைவிடக் கேபிளின் வளைவு இறுக்கமாக இருந்தால் ஃபெயில். அளவுகோல் ஒன்றை நிறுவனமே கொடுத்திருக்கிறது. அது மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. "அதுல எண்ணைப் படிக்கணும். இதை வெச்சா கண்ணுக்கே தெரியுது."

கேபிள் சுவருக்குள் நுழையுமுன் ஒரு முறை கீழே தொங்கி மேலே ஏற வேண்டும் என்பதில் மிகவும் பிடிவாதம். மழைநீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே வரும்; தொங்கல் இருந்தால் அங்கே சொட்டிவிடும், இல்லாவிட்டால் நேராக வீட்டுக்குள் போகும். தொங்கல் இல்லாத வீட்டைப் பார்த்தால், "தண்ணிக்கு அட்ரஸ் எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கான்" என்பார். பீரோவுக்குப் பின்னால் தரையில் இருக்கும் தூசியின் கோட்டைப் பார்த்தே, பீரோவை நகர்த்தாமல் சந்துக்குள் கையை விட்டு வேலை செய்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். கருப்பு டேப் சுற்றிய இடம் எதையும் நம்பமாட்டார். டேப்புக்கு அடியில் எப்போதும் ஒரு வெட்கம் இருக்கிறது என்பது அவர் எண்ணம்.

இதையெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏழு வருடம் அதே நிறுவனத்தில் புகார்த் தொலைபேசியில் இருந்தவர். "ஒருவாட்டி ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க சார்" என்பதை ஒரு நாளைக்கு நூறு முறை சொன்னவர். சொல்லிச் சொல்லி, அந்த வீட்டுச் சுவரில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஆசை வந்துவிட்டது. கழற்றிப் போட்ட கனெக்டர்களைக் குப்பைத் தொட்டியிலிருந்து பொறுக்கிக்கொண்டு போய், வீட்டில் இரும்பு ரம்பத்தால் நெடுக்காக அறுத்துப் பார்த்தார். அறுத்த துண்டுகள் இன்னும் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. விருந்தாளிகள் பிஸ்கட் என்று நம்பித் திறந்து ஏமாந்திருக்கிறார்கள்.

"கல்யாணமான புதுசுல என் சட்டை பட்டனையும் இழுத்துப் பாத்தாங்க" என்கிறார் அவருடைய கணவர்.

"ரெண்டு பட்டன் கையோட வந்துச்சே, அதையும் சொல்லுங்க" என்று சமையலறையிலிருந்து பதில் வருகிறது.

ஒரு வியாழக்கிழமை மூன்று மணிக்கு அவர் போன வீடு, புதிய வீடு இல்லை. பதினெட்டு நாளுக்கு முன்னால் ஆய்வு முடிந்த வீடு. மாடிப்படிக்குப் பக்கத்தில் மேற்குச் சுவரில் இருந்த பெட்டியைத் திறந்ததும் கதவின் உட்புறத்தில் ஆய்வுச் சீட்டு. பாஸ். கீழே அவருடைய கையெழுத்து. ஆய்வு நேரம் காலை ஒன்பதே கால்.

"நான்தான் போட்டிருக்கேன்" என்றார்.

அந்த வீட்டுப் பெண் சைகை மொழிபெயர்ப்பாளர். காது கேளாத நோயாளிகளுக்கும் மருத்துவர்களுக்கும் நடுவில், வீட்டில் உட்கார்ந்தபடியே கணினித் திரை வழியாகப் பேசிக்கொடுப்பது வேலை. ஒரு நிறுவனம் பதினைந்து நாள் சோதனைக்கு எடுத்திருந்தது. அன்றுதான் கடைசி நாள். நாலரை மணி அழைப்பை நிறுவனத்தின் மேற்பார்வையாளரே கூட இருந்து பார்க்கப் போகிறார். சாயங்காலமானால் படம் உறைந்துபோகிறது என்ற புகாருக்கு இணைய நிறுவனத்திலிருந்து மூன்று பேர் வந்து பார்த்துவிட்டார்கள். மூன்று பேரும் முற்பகலில் வந்தார்கள். மூன்று பேரும், "சிக்னல் சூப்பரா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"குரல் விட்டுப்போனா திரும்பக் கேட்டுக்கலாம் அக்கா. என் கை பாதியில நின்னுட்டா எதிர்ல இருக்கறவருக்குப் பாதி வாக்கியம்தான் போகுது. 'மாத்திரையை நிறுத்த வேண்டாம்'னு நான் சொல்லிக்கிட்டே இருக்கேன், 'மாத்திரையை'ங்கறதோட படம் நின்னுடுச்சு. டாக்டர் என்னை மொறைக்கிறார். இன்னைக்கும் நின்னா அவ்வளவுதான், வேற ஆளைப் பாத்துக்குவாங்க."

"இந்தச் சைகை எங்கம்மா கத்துக்கிட்டீங்க?"

"எங்கண்ணனுக்குக் காது கேக்காது. சின்ன வயசுல அவனைத் திட்டணும்னா இதான் வழி. திட்டித் திட்டியே கத்துக்கிட்டேன்."

மொழிபெயர்ப்பாளரின் கணவர் பள்ளி வேனில் காலை நடை மட்டும் ஓட்டுபவர். கதவோரம் தயங்கி நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மூன்று முறை சொல்லி மூன்று முறையும் சிரிப்பு வாங்கியிருந்ததால் நான்காவது முறை சொல்லக் கூச்சம்.

"சொல்லுங்க சார்."

"சிரிக்கக் கூடாது. ஜன்னல் திரையை மூடினா நெட்டு போகுது மேடம்."

"ஐயோ, ஆரம்பிச்சிட்டீங்களா!" என்று மனைவி தலையில் கை வைத்தார். "இவர் சொல்றதைக் கேட்டு போன வாரம் வந்தவர் தண்ணி குடிக்கும்போது சிரிச்சு, புரையேறி, மோடம் மேலயே துப்பிட்டார்."

இழுப்பக்கா சிரிக்கவில்லை. தாளைத் திருப்பி, அதன் பின்புறத்தில் 'திரை மூடினால்' என்று எழுதிக்கொண்டார்.

"எந்தெந்த நாள் மூடுனீங்க?"

"தினமும்தான். சாயங்காலம் வெயில் மூஞ்சியில அடிச்சா கேமராவுல இவங்க கை தெரியாது. நடுவுல ரெண்டு நாள் மூடல."

"அந்த ரெண்டு நாளும் படம் நின்னுச்சா?"

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிற்கவில்லை.

"அந்த ரெண்டு நாளும் வெயில் இருந்துச்சா?"

மேகமாக இருந்தது. அதனால்தான் திரையை மூட அவசியம் வரவில்லை.

இழுப்பக்கா எழுந்து வெளியே வந்தார். பெட்டி இன்னும் நிழலில் இருந்தது. கை வைத்துப் பார்த்தார், குளிர்ச்சியாக இருந்தது. பெட்டிக்குள் காலியாக இருந்த ஒரு இணைப்பு முனையில் மீட்டரைச் சொருகி, அதன் திரையில் ஒரே ஒரு எண்ணை மட்டும் வரவைத்தார். சமிக்ஞை எவ்வளவு தெளிவாக வருகிறது என்பதைச் சொல்லும் எண். முப்பத்தெட்டு. நல்ல எண். படியில் உட்கார்ந்துகொண்டார். உள்ளேயிருந்து காப்பி வந்தது. "முடிச்சிட்டுக் குடிக்கிறேன்" என்று படியிலேயே வைத்தார்.

எதிர்வீட்டுக் கூரையைத் தாண்டி வெயில் இறங்கி, மூன்றே முக்காலுக்குப் பெட்டியின் ஓரத்தைத் தொட்டது. நாலு மணிக்குப் பெட்டி முழுவதும் வெயில். நாலு ஐந்துக்கு முப்பத்தெட்டு முப்பத்தொன்று ஆயிற்று. பிறகு இருபத்தாறு. ஒரு நொடி முப்பத்தாறு. மறுபடி இருபத்தைந்து.

"சார், குடை இருக்கா?"

பள்ளி வேன்காரர் குடையோடு வந்து, மழையே இல்லாத தெருவில், ஒரு இரும்புப் பெட்டிக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வழியாகப் போன ஒருவர், "பெட்டிக்கு ஜுரமா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டு மூன்று நிமிடத்தில் எண் மேலே ஏறத் தொடங்கியது. முப்பது. முப்பத்து நான்கு. முப்பத்தேழு.

"நீங்க சொன்னது சரிதான் சார்" என்றார் இழுப்பக்கா. "திரையை மூடுற நேரமும் இது கெடுற நேரமும் ஒண்ணு."

வேன்காரர் குடையை அப்படியே பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி, "கேட்டுக்கோ!" என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

பெட்டிக்குள் தெருவிலிருந்து வரும் கேபிளின் கனெக்டரை இழுப்பக்கா திருகிக் கழற்றினார். அதை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை, உறுதியாக இருந்தது. பதினெட்டு நாளுக்கு முன்பும் இப்படித்தான் இருந்திருக்கும். பிறகு அதன் முகத்தை டார்ச் வெளிச்சத்தில் திருப்பினார். நடுவில் இருக்கும் செம்புக் கம்பி கனெக்டரின் விளிம்பைத் தாண்டி ஒரு அரிசிப் பருமனாவது வெளியே வந்திருக்க வேண்டும். இதில் விளிம்புக்குச் சமமாக நின்றது. குளிர்ந்த நேரத்தில் எதிர்ப்பக்கத்தைத் தொட்டும் தொடாமலும் இருந்திருக்கிறது. வெயில் ஏறி உள்ளே இருப்பதெல்லாம் கொஞ்சம் நகர்ந்ததும் தொடுவது விட்டுப்போயிருக்கிறது.

"இழுத்தா தோலு பிடிச்சிருக்குதான்னுதான் தெரியும்" என்றார், யாரிடமும் இல்லாமல். "கம்பி தொட்டுக்கிட்டிருக்குதான்னு தெரியாது. கழட்டி மூஞ்சியைப் பாக்கணும். நான் பாக்கல."

தொலைபேசியில், அந்த வீட்டுக்கு இணைப்புப் போட்டவரை அழைத்தார். எல்லோரும் மீசை என்று கூப்பிடும் ஆள்.

"மீசை, மேற்குச் சுவர் வீடு. நடுக்கம்பியைக் கட்டையா வெட்டியிருக்கீங்க."

"அக்கா, அது நீங்க பாஸ் போட்ட வீடாச்சே! என்னைவிட உங்களுக்குத்தான் கண்ணு கூர்மை." மறுமுனையில் சிரிப்பு. "சத்தம் போடாம மாத்தி விட்டுட்டு வாங்க. நானும் வாயைத் திறக்கல, நீங்களும் திறக்க வேணாம். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

நாலு பதினொன்று. கேபிள் முனையை வெட்டினார். தோலைச் சீவினார், அதற்கு அடியில் இருந்த கம்பி வலையைப் பின்னால் மடித்தார். நடுக்கம்பியை விட வேண்டிய நீளத்துக்கு விட்டார், புதுக் கனெக்டரைப் போட்டு அழுத்துக் கருவியில் வைத்து அமுக்கினார். ஆய்வாளர் தன் கையால் வேலை செய்யக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. ஆனால் ஆள் வர ஒரு மணி நேரமாகும். கை அவசரப்படவில்லை. வேன்காரர்தான் குடையை இடது கைக்கும் வலது கைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தார். பெட்டிக்குள் முடித்ததும் உள்ளே ஓடி, அறைச் சுவரில் இருந்த முனையையும் கழற்றி, அதன் முகத்தையும் பார்த்தார். அது சரியாக இருந்தது. திரும்பி வந்தார்.

"இப்ப குடையை எடுங்க சார்."

வெயில் பெட்டியின் மேல் விழுந்தது. முப்பத்தெட்டு. வெளியே வந்துவிட்ட மொழிபெயர்ப்பாளரோடு சேர்த்து மூன்று பேரும் அந்த எண்ணைப் பார்த்தார்கள். முப்பத்தெட்டு. நாலு இருபத்தேழுக்கும் முப்பத்தெட்டு.

"படம் நிக்காதுல்ல அக்கா?" மொழிபெயர்ப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கால் மணி நேரம்கூடப் பாக்கல. அதை வெச்சு நிக்காதுன்னு என்னால சொல்ல முடியாது. நீங்க போய் உக்காருங்க. நான் இங்கயே நிக்கிறேன். இறங்குச்சுன்னா சார் குடை பிடிப்பார்."

அழைப்பு நாற்பது நிமிடம் நடந்தது. ஜன்னல் திரைக்கு உள்ளே சைகைகள் ஓடிக்கொண்டிருந்தன. வெளியே ஒருவர் மடித்த குடையைத் துப்பாக்கிபோலப் பிடித்துக்கொண்டு நின்றார். இழுப்பக்கா மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பெட்டி தொட்டால் சுடும் அளவுக்குக் காய்ந்திருந்தது. எண் ஒரு முறை முப்பத்தேழுக்கு இறங்கியது. குடை விரியத் தொடங்குவதற்குள் மறுபடி முப்பத்தெட்டு.

ஐந்தேகாலுக்கு மொழிபெயர்ப்பாளர் ஓடிவந்தார். அவருடைய கைகள்தான் முதலில் எதையோ சொல்லின. கணவருக்கு அது புரிந்துவிட்டது. பிறகுதான் குரல் வந்தது: "திங்கக்கிழமைலேருந்து வரச் சொல்லிட்டாங்க. ஒருவாட்டிகூட நிக்கல அக்கா! உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. எங்க கையெழுத்துப் போடணும்? குடுங்க."

இழுப்பக்கா படியில் உட்கார்ந்து தாளை எழுதி முடித்திருந்தார். காப்பி ஆறிப் போயிருந்தது. தாளைப் பலகையோடு நீட்டினார். பேனாவை நீட்டவில்லை. மொழிபெயர்ப்பாளர் பேனாவுக்காகக் கை நீட்டியபோது, தாளின் நடுவில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

"இதைப் படிங்கம்மா, முதல்ல."

'கோளாறு முதல் ஆய்விலேயே கண்டுபிடிக்கப்பட்டிருக்க வேண்டும். முதல் ஆய்வைச் சரியாகச் செய்யாதவர்' என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில், பெட்டிக்குள் இருந்த சீட்டில் இருக்கும் அதே பெயர்.

"இதெல்லாம் எதுக்கு அக்கா? அதான் சரி பண்ணிட்டீங்களே."

விரல் அங்கேயே இருந்தது. மொழிபெயர்ப்பாளர் குனிந்து, உதடு அசைய, வரியின் தொடக்கத்திலிருந்து மறுபடி படித்தார். பெயர் வரை வந்து நிமிர்ந்ததும், இழுப்பக்கா விரலை எடுத்து, பேனாவின் மூடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.