அட்டையில் அந்த வசனம் ஏன் இல்லை

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில் வீடு தேடி வந்திருக்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் சிலர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள். நம் சபையார் வழக்கமாகப் போடும் "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்ற வசனம் இதில் இல்லை. அச்சுக்காரர் மறக்கவில்லை. நான்தான் வேண்டாம் என்றேன்.

அம்மா லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தார். திருமணமாகி மஸ்கெலியாவுக்கு வந்தார். அப்பா இறந்த பிறகு கொழுந்து பறித்தே என்னைப் படிக்கவைத்து, மிஷன் ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்கு அனுப்பினார். பிள்ளைப்பேறோ காய்ச்சலோ, எந்த வீட்டுக்கும் கூப்பிடாமலே போய் நிற்பார். யாரிடமும் பயந்து பேசமாட்டார்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் வரும் குழாய், மேல் லயத்துக் கக்கூசுகளுக்குக் கீழே வெடித்திருந்தது. மழை பெய்தால், நாங்கள் குடம் பிடிக்கும் பீலித் தண்ணீர் நாறும். ஒரு நாள் காலைப் பெரட்டில், எல்லாரும் வேலைக்கு வரிசையாக நின்றபோது, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவிடம் அம்மா கேட்டார்.

"கக்கூசுத் தண்ணி எங்க பீலியில கசியுதுங்கய்யா. கொழாய மாத்தித் தாங்க."

"தண்ணி நல்லாத்தான் இருக்கு. ஒனக்கென்ன, சோடா வேணுமா?"

வரிசையில் சிலர் சிரித்தார்கள்.

"அப்ப நீங்க ஒரு கோப்பை குடிச்சுக் காட்டுங்கய்யா. நாங்க பேசாமப் போறோம்."

அவர் குடிக்கவில்லை. அன்று அம்மாவுக்கு அரைப்பேர்தான் விழுந்தது. முழு நாள் வேலைக்குப் பாதிக் கூலி.

அந்த மழையில் லயத்தில் நெருப்புக் காய்ச்சல், அதாவது டைஃபாய்டு, பரவியது. படுத்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவும் படுத்தார். செய்தி கிடைத்து நான் வந்து சேர்ந்தபோது குடல் புண்ணாகி, இரத்தம் போய், எல்லாம் கைமீறியிருந்தது. இந்தக் காய்ச்சல் எப்படி வருகிறது என்பது எனக்குப் பாடமாகச் சொல்லித் தந்த விஷயம். அது வானத்திலிருந்து இறங்குவதில்லை. மலம் கலந்த தண்ணீரில் வருகிறது.

அடக்கத்தன்று உபதேசியார் அந்த வசனத்தை வாசித்துவிட்டு, "கர்த்தருடைய சித்தம். யாரையும் குறை சொல்லாதீங்க" என்றார். எல்லாரும் தலைகுனிந்தார்கள். மாலையோடு வந்திருந்த கண்டாக்கு ஐயா எல்லாரையும்விட உரக்க "ஆமென்" என்றார். அவர் கிறிஸ்தவரும் அல்ல. அதன்பிறகு பெரட்டில் குழாயைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அடக்கம் முடிந்து தாதியர் விடுதிக்குத் திரும்பியதும், அந்த வசனம் வருகிற யோபுவின் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். நீங்களும் வாசியுங்கள். அந்த வசனத்துக்குச் சற்று முன்னால், யோபுவின் எருதுகளைக் கொண்டுபோனவர்கள் சபேயர், ஒட்டகங்களைக் கொண்டுபோனவர்கள் கல்தேயர் என்று பேர் சொல்லியே எழுதியிருக்கிறது. யாரும் அதை மூடி மறைக்கவில்லை. அந்த வசனம், பிள்ளைகளையும் சொத்தையும் ஒரே நாளில் இழந்த யோபு தன் இழப்புக்குத் தானே அழுது சொன்னது. வேறொருவர் வந்து அவர் வாயை அடைக்கச் சொன்னதல்ல. சொன்னதோடு அவர் அடங்கிவிடவும் இல்லை. அதிகாரம் அதிகாரமாக நியாயம் கேட்கிறார். கடவுள் அவரையும் அதட்டுகிறார்தான். ஆனால் முடிவில் கடவுளுக்குக் கோபம் மூள்வது, தமக்காக வக்காலத்து வாங்கிய யோபுவின் சிநேகிதர்கள்மேல்.

மலர் அச்சுக்குப் போகுமுன் பெரியப்பா என்னோடு சண்டை பிடித்தார்.

"யோபு சொன்னதுதானம்மா? போட்டா என்ன கொறஞ்சிரும்?"

"அவரு பிள்ளைங்களுக்கு அவரு சொன்னாரு பெரியப்பா. கொழாய் மாத்தாதவன் சொல்றதுக்கு இல்ல."

"நர்சம்மா ஆனதும் வாயி நீண்டுருச்சு."

"அம்மா வாயிதான் பெரியப்பா."

ஆனாலும், மறுநாள் அட்டனுக்குப் பஸ் ஏறி, அட்டைத் தாளை அச்சகத்தில் கொடுத்து வந்தவர் அவர்தான்.

அவருக்கு என் முதல் நன்றி. அடுத்து, அம்மாவைக் கம்பளியில் தூக்கி, மழையில் ரோட்டுவரை சுமந்த லயத்து அண்ணன்மாருக்கு. அடுத்து, தங்கள் வீட்டிலும் காய்ச்சலை வைத்துக்கொண்டு எங்களுக்குக் கஞ்சி காய்ச்சித் தந்த அக்காமாருக்கு. உபதேசியாருக்கும் நன்றி, அவர் காய்ச்சல் வீடுகளுக்குப் போகத் தயங்கியதில்லை. அந்த வசனத்தின் முன்னும் பின்னும் அவர் ஒருமுறை வாசிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

குழாய் இன்னும் மாறவில்லை. இந்த மழைக்கும் லயத்தில் காய்ச்சல் இருக்கிறது. இன்று பந்தியில் வைத்திருப்பது கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீர், பயமின்றிக் குடியுங்கள். பீலியில் மட்டும் கை நீட்டாதீர்கள்.

நாளைக் காலைப் பெரட்டில், அந்தப் பீலித் தண்ணீர் ஒரு கோப்பையோடு நான் நிற்பேன். மனமுள்ளவர்கள் என்னோடு வந்து நில்லுங்கள். கண்டாக்கு ஐயா குடித்துக் காட்டட்டும். அம்மா கேட்டது அவ்வளவுதான்.