இஞ்சினை நிறுத்தச் சொன்னேன்

அன்றைக்குப் பெட்ரோல் பங்கில் இருந்தவர்கள் இவர்கள். பெட்ரோல் போடுகிற நான். மெஷினுக்கு அந்தப் பக்கம், ஒரே பைக்கில் வந்திருந்த இரண்டு டூரிஸ்ட்டுகள். இந்தப் பக்கம், மாரமங்கலத்து ஜீப்பின் டிரைவர். ஜீப்பின் பின்னால் படுத்திருந்த ஒரு பெண். அவள் தலையை மடியில் வைத்திருந்த அக்காள். காலைப் பிடித்துக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர். வேறு யாரும் இல்லை.

அந்தப் பெண்ணை விரியன் கடித்திருந்தது. காப்பித் தோட்டத்தில் களை எடுக்கும்போது கடித்ததாம். ஏற்காடு ஆஸ்பத்திரியில் முதல் ஊசி போட்டு, சேலத்துக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் வேறொருவரை ஏற்றிக்கொண்டு முன்பே கீழே போயிருந்தது. ஜீப்பில் டீசல் இல்லை. இவ்வளவையும் டிரைவர் இறங்காமலே சொன்னான். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"நிறுத்து கண்ணு. அப்பறம் போடறேன்."

"நிறுத்துனா கெளம்பாதுங்கக்கா. செல்ப் போயி மூணு மாசமாச்சுங்க."

எங்கள் மலையில் இப்படி ஓடுகிற வண்டிகள் நிறைய. இறக்கமாகப் பார்த்து நிறுத்துவார்கள், உருட்டி எடுப்பார்கள். பங்க் மட்டும்தான் சமதரை. அங்கே வந்தால் இஞ்சினை ஓடவிட்டே நிற்பார்கள்.

"டீசல்தானுங்கக்கா, தீப் புடிக்காது."

"அந்தப் பக்கம் பெட்ரோல் கொட்டிக் கெடக்குது, பாரு."

பைக்காரன் முட்ட முட்டப் போடச் சொல்லி வண்டியை ஆட்டியிருந்தான். டேங்க் வழிந்து தரையெல்லாம் நனைந்திருந்தது. மணலை அள்ளிப் போட்டிருந்தேன். வாடை போகவில்லை.

வீட்டுக்காரர் கத்தினார். "ஏம்மா, இங்க உசுரு போயிட்டிருக்குது. நீ சட்டம் பேசறயா?"

நான் குழாயை எடுக்கவில்லை. டிரைவர் என்னைப் பார்த்தான். சாவியைத் திருகினான். இஞ்சின் நின்றது. டீசல் போட்டேன். மூடியை இறுக்கினேன்.

அவன் மறுபடி சாவியைத் திருகினான். டிக் என்றது. அவ்வளவுதான். இறங்கி, சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பானட்டைத் தூக்கினான். அது எனக்குத் தெரிந்த வேலைதான். செல்ப் மோட்டாரில் இரண்டு போல்ட்டை ஸ்பேனரால் சேர்த்துத் தொட்டால் சில நேரம் மோட்டார் சுற்றும். தொடுகிற இடத்தில் தீப்பொறி பறக்கும்.

அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"இங்க வேண்டாம் சாமி. தள்ளிக்கலாம்."

வீட்டுக்காரர் குதித்து இறங்கி வந்தார். "உன் ஊட்டுல யாரையாச்சும் கடிச்சிருந்தா இப்படி நிப்பயா?"

பின்னால் போய் ஜீப்பில் கை வைத்தேன். பைக்காரர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். அக்காளும் இறங்கினாள். டிரைவர் பானட்டை மூடிவிட்டு ஏறி உட்கார்ந்தான். கடைசியில் வீட்டுக்காரரும் தோள் கொடுத்தார், திட்டிக்கொண்டே. படுத்திருந்தவள் மெல்ல முனகினாள்.

"என்ன புள்ள, வலிக்குதா?" என்றாள் அக்காள்.

"அந்தாள வாய மூடச் சொல்லு" என்றாள் அவள்.

பங்கைத் தாண்டி ரோட்டுக்கு வந்தோம். அங்கே இறக்கம். ஜீப் தானாக உருண்டது. அக்காள் ஓடி ஏறிக்கொண்டாள். டிரைவர் கியரில் விட்டான். ஒரு உதறல், கரும்புகை, இஞ்சின் பிடித்துக்கொண்டது. இனி நிறுத்தினால் போச்சு என்று அவன் நிற்கவில்லை. வளைவில் மறைந்துவிட்டது. வீட்டுக்காரர் நடுரோட்டில் நின்றார், ஒரு காலில் செருப்பில்லாமல்.

"நீங்க ஏறுங்கண்ணா" என்றான் பைக்காரன், வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி. மூன்று பேராக ஜீப்புக்குப் பின்னால் போனார்கள்.

நான் திரும்பி வந்து நனைந்த மணலைக் கூட்டி அள்ளினேன். புது மணல் போட்டேன்.

எட்டு நாள் கழித்து டிரைவர் வந்தான்.

"எந்திரிச்சு உக்காந்துட்டாங்கக்கா. சோறு நல்லால்லைன்னு சண்டை புடிக்கறாங்க."

"வெசமுறிவு மருந்து நொம்ப ஏத்துனாங்களா? நான் வேற நிறுத்தி வெச்சுட்டேன்."

"ஆமாங்க. பாட்டில் பாட்டிலா."

"எத்தன?"

"இருபது."