சாலமோனின் இடது மணிக்கட்டு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்புக் குழாய் செய்யும் ஒரு கம்பெனியில் பதினாறு வருஷம் மெஷின் ஓட்டிய சாலமோனுக்கு, சித்திரை பிறந்ததும் ஷிப்டு சூப்பர்வைசர் பதவி கிடைத்தது. மற்றவர்களாக இருந்தால் ஸ்வீட் வாங்கிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். சாலமோன் கவரைப்பேட்டையில் தன் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று, சூப்பர்வைசருக்குரிய களை தன்னிடம் எங்கே இருக்கிறது என்று தேடினார். முகத்தில் இல்லை. தலையில் தேடலாமென்றால் அங்கே முடியே குறைவு. அன்று போனில் ஒரு வீடியோ வந்தது. கோட்டு போட்ட ஒருவர் சொன்னார்: ஆணுக்கு நகை ஒன்றே ஒன்றுதான், அது கைக்கடிகாரம்.

சாலமோனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதுவரை மணி தெரியாமல் அவர் ஒருநாளும் தவித்ததில்லை. கையில் போன் இருந்தது, கம்பெனியில் சங்கு ஊதினார்கள். ஆனால் வாட்ச் கட்டுவது மணி பார்க்க அல்ல என்பதை வீடியோக்காரர் சந்தேகத்துக்கு இடமின்றி விளக்கியிருந்தார். மூன்றே வாரத்தில் சாலமோன் அதுபோன்ற வீடியோக்களாகப் பார்த்து அந்தச் சாஸ்திரத்தைக் கரைத்துக் குடித்தார். மணிக்கட்டைவிட டயல் பெரிதாக இருக்கக் கூடாது என்றார்கள். குழாயின் தடிமன் அளக்கும் கம்பெனி வெர்னியரை வைத்துத் தன் மணிக்கட்டை மூன்று முறை அளந்து சராசரி எடுத்தார். வாரின் நிறம் பெல்ட்டோடும் ஷூவோடும் சேர வேண்டும் என்றார்கள். கம்பெனி கொடுத்தது கறுப்பு சேஃப்டி ஷூ. எனவே கறுப்பு வார், கறுப்பு பெல்ட். வாட்ச் கட்டிய கையில் வேறெதுவும் கூடாதாம். வேளாங்கண்ணியில் கட்டிய கயிறு வலது கைக்கு இடம் மாறியது. மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

சட்டைக் கைக்கு அடியிலிருந்து வாட்ச் பாதி மட்டும் எட்டிப் பார்க்க வேண்டும் என்பதுதான் சிக்கலான விதி. கம்பெனி யூனிபார்ம் அரைக்கை. பஜாரில் தையல் கடை வைத்திருக்கும் மணவாளனிடம் போய் முழுக்கை யூனிபார்ம் கேட்டார்.

"மே மாசத்துல முழுக்கையா?" மணவாளன் அளவு நாடாவைக் கீழே வைத்தார். "இன்னா சாலமோன், ஒடம்பு எதுனா சரியில்லியா?"

இவ்வளவும் செய்து, பர்மா பஜாரில் மூன்று வாட்சும் வாங்கி முடித்த பிறகு ஒரு சின்னத் தடை இருந்தது. மெஷின்கள் இருக்கும் கூடத்தின் வாசலில் தரையில் ஒரு மஞ்சள் கோடு. அதைத் தாண்டினால் மோதிரம், செயின், வாட்ச் எதுவும் கூடாது. சுழலும் உருளையில் மாட்டினால் கை போய்விடும். பதினாறு வருஷமாகத் தாண்டுகிற கோடுதான். எட்டு மணி நேரம் வாட்ச் லாக்கருக்குள் கிடந்து, யாருக்கும் தெரியாமல் அழகாக ஓடியது.

சூப்பர்வைசர் மூளை சும்மா இருக்குமா? ஷிப்டு தொடங்கும்முன் தினமும் பத்து நிமிஷம், மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மீட்டிங் போட்டார். பேச விஷயம் அதிகமில்லை. வலது கைப் பழக்கமுள்ளவர் எல்லாவற்றையும் இடது கையால் சுட்டிக்காட்டினார்.

"அண்ணே, கை வலிக்கலியா?" என்று ஆபரேட்டர் ரகு அக்கறையாக விசாரித்தான்.

ஒரு சனிக்கிழமை சேஃப்டி ஆபீசர் ஜெனிபர் வந்தாள். "அண்ணா, திங்கக்கெழம உங்க கைய ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா? வாட்சோட. கேட்டாண்ட போர்டு வெக்கப் போறோம்."

போர்டு என்ற சொல்லுக்குப் பிறகு சாலமோன் காதில் எதுவும் விழவில்லை. சிறந்த சூப்பர்வைசருக்குத்தான் போர்டு வைப்பார்கள். என்ன போர்டு என்று கேட்பது அடக்கமின்மை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர், எலுமிச்சம்பழத்தைப் பிளந்து முழங்கையிலிருந்து விரல்வரை தேய்த்தார்.

"கல்யாணத்தன்னிக்குகூட இவ்ளோ தேச்சினு குளிக்கல நீங்க," என்றாள் மனைவி ஆரோக்கியமேரி.

திங்களன்று ஜெனிபர் அவரை மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம், வாட்சோடு, அழைத்துப் போனாள். மெஷின் நிறுத்தியிருந்தது. விருந்தாளியாக வந்த மந்திரிபோல அவர் கோட்டைத் தாண்டினார். "உருளைகிட்ட கைய வெச்சிக்கோங்கண்ணா." வைத்தார். மூன்று படம் எடுத்தாள்.

வியாழக்கிழமை கேட்டில் பன்னிரண்டடி ஃப்ளெக்ஸ் நின்றது. முகம் இல்லை, பெயர் இல்லை. சாலமோனின் கை மட்டும். அதன் குறுக்கே பெரிய சிவப்புப் பெருக்கல் குறி. கீழே: 'இந்தக் கை உங்கள் கையாக இருக்க வேண்டாம்!'

யாருடைய கை என்று ஒருவரும் கேட்கவில்லை. கம்பெனியில் வாட்ச் கட்டுகிறவர் ஒருவர்தானே.

காது சிவக்க சேஃப்டி ஆபீசுக்குப் போனார். "இன்னா மேடம் இப்டி பண்ட்டீங்க? பெஸ்ட் சூப்பர்வைசர் போர்டுனு நெனச்சேன்."

ஜெனிபருக்கும் சங்கடமாகிவிட்டது. "இல்லண்ணா... சேஃப்டி ஆபீசர் வந்து கேட்டா சேஃப்டி போர்டுதானே? அதுவுமில்லாம மொத்த கம்பெனில போட்டோல எடுப்பா தெரியற மாதிரி வாட்ச் உங்க கைலதான் இருக்கு."

வாய் திறந்து திட்ட வந்தவர், அந்தக் கடைசி வாக்கியத்தில் நின்றுவிட்டார். மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்கலாமா என்றுகூட யோசித்தார். "அது சரி, மேடம்," என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

மறுநாள் கேட் எதிரே டீக்கடையில், ஆந்திராவிலிருந்து எளாவூர் செக்போஸ்ட் தாண்டி வந்த ஒரு லாரி டிரைவர் போர்டைக் காட்டி, "நைனா, அந்த வாட்ச் எங்க கெடைக்கும்?" என்று கேட்டார். சாலமோன் டீயைக் கீழே வைத்துவிட்டு, அவருடைய மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, சின்ன டயலே போதும் என்று அறிவுரை வழங்கினார். அடுத்த மாதத்துக்குள் ரகுவோடு சேர்த்து ஏழு பேர் வாட்ச் கட்டிவிட்டார்கள். மஞ்சள் கோட்டு மீட்டிங்கில் சந்தேகம் கேட்க ஏழு இடது கைகள் உயர்ந்தன. வாட்ச் கட்டாதே என்று கம்பெனி செலவு செய்து வைத்த போர்டுக்கு இப்படியொரு பலன். ஜெனிபர் இன்னும் பெரிய போர்டுக்கு ஆர்டர் கொடுத்திருப்பதாகக் கேள்வி.

லீவு நாளில் சாலமோன் ஆரோக்கியமேரியை பைக்கில் உட்காரவைத்து கேட்டுக்குக் கூட்டிப்போனார். சிவப்புக் குறியைப் பொருட்படுத்தாமல் பார்க்கும்படி முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். அவள் முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"வாட்ச் நல்லாத்தான் கீது," என்றாள்.

சாலமோன் காத்திருந்தார்.

"நகத்த வெட்டினு போயிருக்கலாம்."