செய்யதண்ணன் போனில் இடமில்லை

தொண்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்பிளே உடைந்தது, சார்ஜ் ஏறாதது, உப்புத்தண்ணீரில் விழுந்தது என்று எல்லாம் வரும். இப்போது அதிகம் வருவது ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ கேஸ்தான். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் அதைச் சின்ன வேலை என்று நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன், செய்யதண்ணனும் அவர் மனைவி மும்தாஜ் அக்காவும் வந்த நாள் வரைக்கும்.

செய்யதண்ணன் நாட்டுப்படகில் மீன்பிடிக்கிறவர். வீட்டுக்கும் படகுக்கும் சேர்த்து ஒரே பழைய போன். அக்காதான் அதை மேசையில் வைத்தார்.

“தம்பி, இதைச் சரியாக்கிக் குடுங்க. இல்லேன்னா இவுகளைக் கடலுக்கு விடமாட்டேன்.”

முந்தின நாள் கடலில் மழை மூட்டம். கரை தெரியவில்லை. போனில் இடமில்லாமல் மேப் ஆப் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. இலங்கை எல்லைக்கோடு எவ்வளவு தூரம் என்று தெரியாமலே படகை ஓட்டியிருக்கிறார். எதிரே வந்த படகுக்காரர் ஒருவர், “ஏலே செய்யது, எங்கன போற? லைன் கிட்ட வந்துருச்சு, திருப்பு!” என்று கத்தியதால் தப்பித்தார்.

“வேற கடையில பேக்டரி ரீசெட் போடணும்னாக” என்றார் அண்ணன். “போட்டா என் பாயின்ட் பூராம் போயிரும். தண்ணிக்கடியில பாறை எங்கன இருக்கு, மீன் எங்கன கூடும்னு அம்புட்டும் அதுலதான் குறிச்சு வச்சிருக்கேன்.”

முதலில் அந்த பாயின்ட்களை எக்ஸ்போர்ட் செய்து கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளப் பார்த்தேன். அந்தச் சின்ன ஃபைலை எழுதக்கூட போனில் இடமில்லை. எதையாவது எடுத்தாக வேண்டும். கேலரியைத் திறந்தால் வரிசையாக வீடியோக்கள், துபாயில் இருக்கும் மகள் அனுப்பியவை.

“இதெல்லாம் அழிக்கலாமா?” என்று கேட்டேன்.

“அழிங்க” என்றார் அண்ணன்.

“பேத்தி வீடியோங்க அது” என்றார் அக்கா.

“வீடியோவா என்னையக் கரை சேக்கும்?”

அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். “அழிச்சிருங்க தம்பி. ஆள் வீடு வந்து சேந்தாப் போதும்.”

சொல்லிவிட்டாரே தவிர, கண் போனை விட்டு நகரவில்லை. எனக்கும் கை வரவில்லை. வேறு எங்காவது இடம் கிடைக்கிறதா என்று தேடினேன்.

கேலரியின் டிராஷில் அவர்கள் ஏற்கெனவே அழித்ததெல்லாம் அப்படியே கிடந்தது. டிராஷையும் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும். பலருக்கு அது தெரியாது. வாட்ஸ்அப் குரூப்களில் காலை வணக்கப் படங்களும் மீன் ஏல வீடியோக்களும் குவிந்திருந்தன. கேட்டுக் கேட்டு நீக்கினேன். ஆட்டோ டவுன்லோடை நிறுத்தினேன். மேப் ஆப்பை மட்டும் தொடவில்லை. ‘கிளியர் கேஷ்’ என்றால் தற்காலிகக் குப்பைதான் போகும். பக்கத்திலேயே இருக்கிற ‘கிளியர் டேட்டா’வில் விரல் பட்டால் குறித்து வைத்த பாயின்ட்களே போய்விடும்.

இந்தத் தடவை எக்ஸ்போர்ட் ஆனது. ஒரு காப்பி கம்ப்யூட்டருக்குப் போனது. மேப் திறந்தது, மூடாமல் நின்றது. புது மெமரி கார்டு ஒன்று போட்டு, பேத்தி வீடியோக்களை அதற்கு மாற்றி, சரியாக ஏறியிருக்கிறதா என்று ஒன்றை ஓடவிட்டேன்.

ஒரு சின்னப் பிள்ளை சோபாவைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டுத் தள்ளாடி முன்னால் வந்தது. கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், கேமராவையே தாத்தாவாக்கி: “நன்னாகிட்டப் போ! நன்னாகிட்டப் போ!”

செய்யதண்ணன் மேசை மேல் குனிந்தார். “இது எப்ப நடக்க ஆரம்பிச்சுச்சு?”

“நோன்புக்கு முன்னாடியே அனுப்புனா. காட்ட வந்தா, அப்புறம் பாக்குறேன்னுட்டுப் படுத்துட்டீக.”

“இன்னொரு தடவ போடுங்க தம்பி” என்றார் அண்ணன்.

போட்டேன். பிறகு போனை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு அடுத்த கஸ்டமரைக் கவனித்தேன். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து வரிசையாக எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

அன்றிலிருந்து யார் போனிலும் வெறும் பட்டியலைக் காட்டி அழிக்க அனுமதி கேட்பதில்லை. திறந்து, ஓடவிட்டு, போனுக்கு உரியவர் பார்த்த பிறகுதான் கேட்கிறேன். வேலை கொஞ்சம் இழுக்கும். இழுக்கட்டும்.