கோடிப் புடவையோடு நின்ற பஸ்

பஸ் பிடிக்கலாம் என்று அண்ணன் சொன்னபோதே நான் வேண்டாம் என்றேன். இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் பெங்களூருக்குப் போய் வேலை பார்த்துத் திரும்புகிறவள் நான். காலை ரயிலைப் பிடித்திருந்தால் பத்து மணிக்கெல்லாம் லிங்கராஜபுரத்தில் அக்கா வீட்டு வாசலில் நின்றிருக்கலாம். அண்ணன் கேட்கவில்லை. "பொறந்த வீட்டு ஜனம் ஒண்ணா போயி எறங்கணும்" என்றார். எனக்குத் தம்பி முறை சொல்லக்கூடிய வயதில் ஒரு பஸ் வந்தது. முப்பது பேர் ஏறினோம். கிளம்பும்போது பதினொரு மணி.

அக்கா முந்தின நாள் மாலை மாரடைப்பில் போய்விட்டாள். அடக்கம் நான்கு மணிக்கு. என் மடியில் ஒரு துணிப்பை, அதற்குள் மயில் கழுத்து நிறத்தில் புடவை. இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து போகும் கடைசிப் புடவை அது, கோடிப் புடவை. நாங்கள் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள்தான். ஆனால் கோடி போடும் வழக்கத்தை மட்டும் எந்தப் பாதிரியாராலும் எங்களிடமிருந்து பிரிக்க முடியவில்லை. அக்கா முகத்தைப் பார்த்து, அந்தப் புடவையை அவள் மேல் போர்த்த வேண்டும். அன்று எனக்கு வேறு எந்த வேலையும் இல்லை.

ஒசகோட்டை தாண்டி, கே.ஆர்.புரம் வருவதற்குள் எஞ்சின் நின்றது. மணி ஒன்றேகால்.

டிரைவர் நல்ல மனிதர். இறங்கிப் பார்த்துவிட்டு, கே.ஆர்.புரத்தில் தனக்குத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறார், கூப்பிட்டால் அரை மணியில் வந்துவிடுவார் என்று போனை எடுத்தார். அண்ணன் அதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"நாங்க இத்தினி பேர் இருக்கும்போது மெக்கானிக் எதுக்குப்பா? போனை உள்ள வை."

பஸ்ஸில் வந்த ஆண்களில் பாதிப்பேர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். அண்ணன் அங்கே ஃபிட்டர். ஆட்களைப் பூமிக்குள் இறக்கி ஏற்றும் எஞ்சின் அவர் பொறுப்பில் இருந்தது. சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இருந்தாலும் எங்கள் ஊர் ஆண்கள் கண் முன்னால் ஓர் எஞ்சின் நின்றுவிட்டால் போதும், சாவு வீட்டுக்குப் போகிறோம் என்பதுகூட மறந்துபோகும். மூடியைத் திறந்து ஏழெட்டுத் தலைகள் உள்ளே போயின. ஒருவர் ஃபில்டர் அடைப்பு என்றார். இன்னொருவர் டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று சத்தியம் செய்தார். அண்ணன் குழாயில் காற்றுப் பிடித்திருக்கிறது என்று சொல்லிக் கைப்பம்பை அடித்து டீசலை ஏற்றினார். எஞ்சின் இருமியது, ஒரு நிமிஷம் ஓடியது, மறுபடி நின்றது.

அந்த ஒரு நிமிஷம்தான் எங்களைக் கெடுத்தது. ஓடாமலே கிடந்திருந்தால் கைவிட்டிருப்பார்கள். ஓடிக் காட்டியதால் அவர்களுக்கு வெறி பிடித்துவிட்டது.

இரண்டு மணிக்கு அக்கா மகள் போன் செய்தாள். "சித்தி, எங்க இருக்கீங்க?"

சொன்னேன்.

"மூணரைக்குப் பெட்டிய மூடணும்னு சொல்றாங்க சித்தி. அஞ்சரைக்கு மேல கல்லறையில விடமாட்டாங்களாம்."

நாங்கள் நின்ற இடத்திலிருந்து சிட்டி பஸ் நிறுத்தம் ஐம்பது அடி தூரம். சிவாஜிநகர் போகும் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. டின் ஃபேக்டரியில் இறங்கி ஆட்டோ பிடித்தால் மொத்தம் ஒரு மணி நேரம்கூட ஆகாது. கர்நாடகத்தில் பெண்களுக்கு டிக்கெட் காசும் கிடையாது, ஆதார் கார்டைக் காட்டினால் போதும். நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். "அண்ணா, நான் முன்னால போறேன்" என்றேன்.

அவர் தலையை வெளியே எடுத்தார். முழங்கை வரை கறுப்பு. "பொறந்த வீட்டு ஆளுங்க பிச்சிப் பிச்சிப் போவாங்களா? கோடிய நீ எடுத்துனு போயிட்டா, நாங்க வெறுங்கைய வீசினு போறதா? பத்து நிமிஷம். போயி உக்காரு."

என் ஆபீஸில் மேனேஜரே என்னிடம் யோசித்துத்தான் பேசுவார். அப்படிப்பட்ட நான் போய் உட்கார்ந்தேன். ஐம்பது வயதில், அண்ணன் அதட்டியதும், பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரம். எழுதும்போதே பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அந்தப் பத்து நிமிஷம் வளர்ந்துகொண்டே போனது. கீழே சண்டை வந்தது. எந்த ஷிஃப்டில் யார் எந்த எஞ்சினைச் சரி செய்தார்கள் என்ற பழைய கணக்கெல்லாம் வெளியே வந்தது. யாரோ டீ வாங்கி வந்தார்கள், நின்று குடித்தார்கள். அக்கா மகள் மூன்று மணிக்குக் கூப்பிட்டாள். மூன்றரைக்குக் கூப்பிட்டாள். அதன்பிறகு கூப்பிடவில்லை.

அவர்கள் டீ குடித்த நேரத்தில் டிரைவர் மரத்தடிக்குப் போய் ரகசியமாக மெக்கானிக்குக்குப் போன் செய்திருக்கிறார். நான்கு மணிக்கு ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. டீசல் வரும் ரப்பர் குழாயைத் துணியால் துடைத்து, வளைத்துப் பார்த்தார். அதில் மெல்லிய வெடிப்பு. அதன் வழியாகத்தான் திரும்பத் திரும்பக் காற்று உள்ளே போயிருக்கிறது. "பைப் ஹோகிதெ, அஷ்டே" என்றார். குழாய் போய்விட்டது, அவ்வளவுதான். வெடித்த துண்டை வெட்டி எறிந்துவிட்டு மீதியை மாட்டினார். ஏற வேண்டிய டீசலையும் அவரே ஏற்றினார். மொத்தம் பத்து நிமிஷம். அண்ணன் சொன்ன அதே பத்து நிமிஷம். நான் எழுந்து போய் அண்ணனை அறைந்திருப்பேன், அவ்வளவு ஆத்திரம். காற்று என்று சரியாகச் சொன்ன மனிதர், அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவில்லை.

நேராகக் கல்லறைக்கே போனோம். ஐந்தேகால். பெட்டி குழிக்குப் பக்கத்தில் கயிற்றின் மேல் இருந்தது. மூடியில் ஆணி அடித்தாயிற்று. "நாலு வரைக்கும் தொறந்தே வெச்சிருந்தோம் சித்தி" என்று அக்கா மகள் சொன்னாள். அழுது முடித்த குரல். மாமா எங்களைப் பார்க்கவே இல்லை.

அண்ணன் என் பையிலிருந்து புடவையை வாங்கிப் பெட்டி மூடியின் மேல் விரித்தார். சுருக்கத்தை நீவிவிட்டார். அவர் கை நீவிய இடமெல்லாம் புடவையில் கறுப்பாக விரல் தடம் விழுந்தது. அப்படியே கீழே இறக்கினார்கள். நாங்கள் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டோம். புடவை முதலில் மறைந்தது, பிறகு பெட்டி.

திரும்பி நடக்கும்போது அண்ணன் என் பக்கத்தில் வந்தார். அழுதுகொண்டிருந்தார்.

"நீயாவது எடுத்துனு முன்னால வந்திருக்கலாம் இல்ல?" என்றார்.

ஆறு மாதமாக நான் அவரோடு பேசுவதில்லை. அவர் போன் செய்தால் எடுப்பதில்லை. பஸ் விஷயத்தில் அண்ணன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான், தீரவில்லை. ஆனால் நிறுத்தம் ஐம்பது அடி தூரத்தில் இருந்தது. ஆதார் கார்டு என் பையில், அந்தப் புடவைக்கு அடியிலேயே இருந்தது.