முள்ளை மறைத்த பொட்டு

மொரீஷியஸ் சுதந்திரத்துக்குச் சில வருடங்கள் முன்பு, ட்ரியோலே ஊரில் எங்கள் கடைக்கு ஒரு குளிர்பெட்டி வந்தது. அன்றோடு என் நிம்மதி போனது. பின்வீட்டுத் தச்சர் மர அறுவை மோட்டாரைப் போட்டால் தெருவுக்கே கரண்டு இளைத்துவிடும். விளக்கு மங்கும், குளிர்பெட்டி ஓட முடியாமல் முனகும். இப்படியே முனகினால் உள்ளே கருகிவிடும் என்று சொல்ல நாலு பேர் தவறாமல் வந்தார்கள்.

போர்ட் லூயி கடைக்காரர் இதற்கு ஒரு வைத்தியம் விற்றார். குளிர்பெட்டிக்குப் போகும் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் கனமான இரும்புப் பெட்டி, ஒரு திருகு, கண்ணாடிக்குள் ஒரு முள், சிவப்புக் கோடு. முள் கோட்டுக்குக் கீழே இறங்கினால் திருகைக் கூட்ட வேண்டும். கரண்டு திரும்பி முள் கோட்டைத் தாண்டினால் உடனே குறைக்க வேண்டும்.

"பெட்டிக்கு மூளை கிடையாது, முசியே. மூளை நீங்கதான்," என்று பிரெஞ்சில் ஐயா போட்டுச் சொன்னார்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவனை நம்பி எவ்வளவு பெரிய உத்தியோகம்!

அது காவடி விரத நாட்கள். புதிதாக வந்த பெட்டிக்கு என் மனைவி பொட்டு வைத்தாள். இரும்பில் எவ்வளவோ இடம் இருந்தும், கண்ணாடியில், சிவப்புக் கோட்டையும் அதற்கு மேலேயும் மறைக்கும்படி கச்சிதமாக வைத்தாள்.

"அதுதானே அதோட முகம்!" என்றாள்.

விரதத்தில் பொட்டைத் துடைத்தால் என்ன ஆகுமோ என்று பயந்தேன். விட்டுவிட்டேன்.

காவடிக்கு முந்தின நாள் மதியம் பக்கத்து வீட்டு அக்கா பால் செம்போடு வந்தார். மகள் காய்ச்சலிலிருந்து பிழைத்ததற்கு நேர்த்திக்கடன். போன வருடம் கோயிலுக்குப் போகும் வழியிலேயே அவர் பால் திரிந்துவிட்டது. விரதம் கெட்டால்தான் பால் திரியும் என்பது ஊர் நம்பிக்கை; அக்கா விரதத்தில் மீன் தின்றதாகத் தெரு தீர்ப்பு எழுதியது.

"தம்பி, நாளைக்கு ஒரு சொட்டு பாலும் எங்கயும் கிடைக்காது. என் மானம் உன் ஃப்ரிஜிடேர்லதான் இருக்கு."

தச்சருக்கு அன்றுதான் வேலை மும்முரம். காவடிக் கட்டைகள் அறுத்துக்கொண்டிருந்தார். முருகனின் கட்டைக்கும் முருகனின் பாலுக்கும் சண்டை, நடுவில் நான். முள் இறங்க, கூட்டினேன். இன்னும் இறங்க, இன்னும் கூட்டினேன். திடீரென்று அறுவைச் சத்தம் நின்றது. முள் குங்குமத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. கோட்டில்தான் நிற்கிறதாக்கும் என்று இருந்துவிட்டேன். அதே பெட்டியில் மாட்டிய விளக்கு பளீரென்று எரிந்தது. நல்ல சகுனம் என்று கும்பிடவும் செய்தேன். பிறகு குளிர்பெட்டியிலிருந்து கருகல் வாடை.

அக்காவிடம் மனைவிதான் சொன்னாள்.

"அயோ போந்த்யே!" என்று கடவுளைக் கூப்பிட்டு அக்கா தலையில் கைவைத்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன் மிஷினை நம்பினேன் பாரு. ஒரு கோணிச்சாக்கு எடுத்துட்டு வா, தம்பி."

செம்பை ஈரச் சாக்கால் சுற்றி, காற்றோடும் நிழலில் வைத்தோம். சாக்கு காயக் காயத் தண்ணீர் தெளிப்பது என் வேலை. திருகு இல்லை, முள் இல்லை. அப்போதும் நிமிடத்துக்கொரு முறை மோந்து பார்த்தேன்.

"பாலை மோந்தே திரிய வைச்சிடாதே!" என்றார் அக்கா.

மறுநாள் கோயில் வாசலில் செம்பைத் திறந்தார்கள். பால் பாலாகவே இருந்தது. அக்கா அழுதார். அக்காவின் விரதத்தைப் போல் உண்டா என்று அதே தெரு மெச்சியது.

ஆனால் தெருவுக்கு யாராவது ஒருவர் மீன் தின்றிருக்க வேண்டுமே. குளிர்பெட்டி சும்மாவா கருகும் என்று என்னைப் பார்த்தார்கள்.