அண்ணனின் ஆம்ப்ளிஃபயருக்கு என்ன வயது

அந்த கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் பின்பலகையை நான் கழற்றியபோது அண்ணன் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஓசூர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு நாகரசம்பட்டியில் தன் அப்பா வீட்டுக்கே போய்விட அண்ணி முடிவு செய்திருந்தார். அந்தக் கறுப்புப் பெட்டியை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. பழைய ஆம்ப்ளிஃபயர்களை வாங்கிச் சேர்க்கும் பெங்களூர்க்காரர் ஒருவர் என்னிடம் போனில் கேட்டார்: “அது எந்த வருஷத்துதுங்க்கா?”

அண்ணன் பகலில் தகடு வெட்டும் பவர் பிரஸ் இயந்திரத்தில் வேலை பார்ப்பார். கல்யாண வீடுகளிலும் திருவிழாக்களிலும் மெல்லிசைக் குழுவோடு கிட்டார் வாசிப்பார். நகக்கண்ணில் கிரீஸ் கறை போகாமலேயே மேடையேறுவார். அண்ணிக்கும் அவருக்கும் கல்யாணமான சில வருடங்களில் அந்த இயந்திரம் அவருடைய இடது கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோய்விட்டது. அதன்பிறகு சில மாதங்களில் அந்த வீட்டுச் சுவரில் கிட்டாரைக் காணவில்லை. கேட்கவும் யாருக்கும் மனம் வரவில்லை. இந்தப் பெட்டி மட்டும் இருந்தது. “பழசு பாப்பா. குழுவுல இருந்தப்ப வாங்குனது, ஃப்ரெண்டு வீட்டுல கெடந்துச்சு” என்று என்னிடம் சொன்னார். சில மாலைகளில் அதைப் போட்டுவிட்டு, அதன் வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பழைய நாட்களை நினைத்து ஏங்குகிறார் என்று நினைத்தோம்.

நான் சர்க்யூட் போர்டு லைனில் வேலை பார்ப்பவள். பாகங்களின் மேல் அச்சிட்ட எண்களில் முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வருடம், அடுத்த இரண்டு வாரம். ஒரு கெப்பாசிட்டரைப் பார்த்ததும் இது பழசுதானா என்று சந்தேகம் வந்தது. பழுது பார்த்தபோது மாற்றியிருப்பார்களோ என்று மற்றவற்றையும் பார்த்தேன். ஸ்பீக்கரின் முதுகிலும் அதே வருடம். ஈயப்பற்று எங்கும் கலையவில்லை; எதையும் கழற்றி மாற்றியிருக்கவில்லை. வேலைப் பழக்கத்தில் வருடத்தை வாய்விட்டுப் படித்துவிட்டேன்.

அண்ணி துணி மடிப்பதை நிறுத்தினார்.

“அது கை போனதுக்கு அடுத்த வருஷமாச்சே பாப்பா.”

“ஆமாண்ணி. புதுசாத்தான் வாங்கியிருக்காரு.”

மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டு அண்ணி சொன்னார்: “கிட்டாரக் குடுத்தனுப்புனது நான்தான். பாத்துப் பாத்து மனசொடிஞ்சு போறாரேன்னு, அவரு இல்லாத நேரத்துல குழுக்காரரக் கூப்புட்டுக் குடுத்துட்டேன். அன்னிக்கி சாயங்காலந்தான் இந்தப் பொட்டியத் தூக்கிட்டு வந்தாரு. செவுத்துல ஆணி மட்டும் இருந்துச்சு. அதையே பாத்தாரு. அப்புறம், பழசுதான், சும்மா எடுத்தாந்தேன்னாரு.”

மீதி விரல்களை வைத்து மறுபடி வாசித்துப் பார்க்கலாம் என்று அவர் நினைத்திருக்கிறார். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவே இல்லை.

பெங்களூர்க்காரர் மறுபடி அழைத்தபோது அண்ணியே பேசினார். “பழசு இல்லீங்க. அவரு கை போனதுக்கப்புறம் வாங்குனது.”

“அப்ப வேணாங்க்கா. பழசுன்னாதான் எனக்கு ஆகும்.”

பெட்டி நாகரசம்பட்டிக்குப் போனது. நான் அங்கே போகும்போதெல்லாம் அண்ணி ஒன்றையே கேட்கிறார்: “கிட்டாரு எங்கன்னு அவரு ஒரு வார்த்த ஏன் கேக்கல பாப்பா? கேட்டிருந்தா ஓடிப்போயி வாங்கியாந்திருப்பேனே.”

“உங்க மனசு நோகக்கூடாதுன்னு இருந்திருப்பாரு அண்ணி” என்கிறேன். அதைக் கேட்டதும் அவருக்கு அழுகை இன்னும் கூடிவிடுகிறது.